தம்பிக்குக் கல்லூரி பார்க்கப் போகும் மகளுக்கு

இராசபாளையம்

அன்பு மகள் மலர்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான், அம்மா, தம்பி மூவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். அலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடியதைக் கடிதமாக எழுதுவானேன் என்று நீ நினைக்கலாம். அலைபேசியை எடுத்தால் ஒரு பக்கம் அம்மா பேசுகிறாள், மறு பக்கம் தம்பி பறிக்கிறான், நான் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதோடு நான் சொல்லப்போவது அவனைப் பற்றியது. அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச முடியாதது.

அடுத்த வாரம் அவன் பொதிகை ரயிலில் சென்னைக்குப் புறப்பட்டு வருகிறான். நீ இரண்டு நாள் விடுப்பு எடுத்துக் கல்லூரிகளைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாய், மிக்க மகிழ்ச்சி. உன்னிடம் நான் வேண்டுவது ஒன்றே. நீ காட்டு, தேர்ந்தெடுக்காதே. நான் சொன்னால் பத்துக் கேள்வி கேட்கும் அவன், நீ சொன்னால் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறான். எனக்குக் கவலையே அதுதான். அக்கா நன்றாக இருக்கிறது என்று சொன்னாள் என்பதற்காக மூன்று ஆண்டோ நான்கு ஆண்டோ ஓர் இடத்தில் போய் உட்காருவதற்கும், தானே பார்த்து, தானே யோசித்து, சில குறைகளையும் தெரிந்துகொண்டே போய்ச் சேர்வதற்கும் வேறுபாடு உண்டு. முதல் பருவத் தேர்வில் மதிப்பெண் குறையும்போது அந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணை உனக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பியிருந்தான். கணிதம் 96, இயற்பியல் 85, வேதியியல் 82, கணினி அறிவியல் 91. பொறியியல் கலந்தாய்வில் கணிதத்தை முழுதாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் எடுப்பதால் 200-க்கு 179.5 கட்-ஆஃப் வருகிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் தரவரிசையில் நான்கு பாடங்களின் கூட்டுத்தொகையைப் பார்ப்பார்கள். அங்கே 400-க்கு 354. மதிப்பெண் ஒன்றுதான், ஆனால் இரண்டு தராசில் இரண்டு எடை காட்டுகிறது. இயற்பியலிலும் வேதியியலிலும் கோட்டைவிட்டது பொறியியல் கணக்கில் உறுத்துகிறது; கலை அறிவியல் கணக்கில் கணினிப் பாடம் கைகொடுக்கிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கணினிப் பொறியியல் இந்தக் கட்-ஆஃபுக்குக் கிடைக்காது என்பது அவனுக்கும் தெரியும். அதில் அவனுக்கு வருத்தம் இருப்பதாகவும் தெரியவில்லை. வருத்தமெல்லாம் உன் அம்பத்தூர்ச் சித்தப்பாவுக்குத்தான்.

சித்தப்பாவின் யோசனை உனக்குத் தெரிந்ததே. எந்தக் கல்லூரியானாலும் சரி, கணினி என்ற சொல் பாடப்பிரிவின் பெயரில் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு என்று கூடவே இருந்தால் இன்னும் நல்லது. அவர் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தம்பியின் மனம் வேறு பக்கம் போகிறது என்பதை நான் ஓராண்டாகப் பார்த்துவருகிறேன். நம் தெருக் குழாயில் குடிநீர் வரும் நாள்களை அவன் ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டே வந்தான். மழை பெய்த நாள், ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தின் மட்டம் பற்றி நாளிதழில் வந்த செய்தி, குழாயில் தண்ணீர் வந்த நேரம் எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி, அடுத்த முறை எப்போது வரும் என்று கணிக்கத் தொடங்கினான். பாதிக்கு மேல் சரியாகவே வந்தது. உன் அம்மா இப்போது அவனைக் கேட்டுவிட்டுத்தான் குடங்களைக் கழுவி வைக்கிறாள். தவறிப்போன நாள்களுக்குக் காரணம் தேடுவதில்தான் அவனுக்கு ஆர்வம் அதிகம். மில்லில் முப்பது ஆண்டுக்கு மேல் கணக்கு எழுதியவன் நான். எண்ணைக் கூட்டுபவனுக்கும் எண்ணிடம் கேள்வி கேட்பவனுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அவன் இரண்டாவது வகை. பள்ளியில் கணித ஆசிரியர், இதற்குப் புள்ளியியல் என்று தனிப் படிப்பே இருக்கிறதடா என்று சொன்ன நாளிலிருந்து அந்த நினைப்பாகவே இருக்கிறான்.

அதனால் இந்தப் பயணத்தில் முதலில் பார்க்க வேண்டியவை புள்ளியியலில் பி.எஸ்சி. உள்ள கல்லூரிகள் என்பது என் எண்ணம். மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி ஆகிய மூன்றிலும் அந்தத் துறை இருக்கிறது. மூன்றும் மூன்று விதம்.

மாநிலக் கல்லூரி 1840-இல் தொடங்கியது; முழுக்க அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் நமக்குச் சுமையே அல்ல. கடற்கரைச் சாலையில் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்ததும் அவனுக்கு மனம் விழுந்துவிடும். நோபல் பரிசு பெற்ற ராமனும் சந்திரசேகரும் படித்த இடம் என்பதும் அவனுக்குத் தெரியும். அந்தப் பெருமை உண்மையானது, மறுக்க வேண்டாம். ஆனால் அவன் வகுப்புக்கு யார் பாடம் எடுப்பார்கள் என்ற கேள்விக்கு அது விடை ஆகாது. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே வகுப்புகள் நடக்கின்றன. அவர்களிலும் மிக நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், முதலாண்டு மாணவர்களுக்கு யார் வருகிறார், பாடம் பருவத்துக்குள் முடிகிறதா என்று துறை அலுவலகத்தில் பணிவாகக் கேட்டால் சொல்வார்கள். அவன் கேட்கட்டும், நீ பக்கத்தில் நில். கேட்கத் தயங்கினால் அந்தத் தயக்கம் தீரும்வரை காத்திரு.

லயோலா 1925-இல் தொடங்கிய அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி. இத்தகைய கல்லூரிகளில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். சில இடங்களில் முன்னது காலை வேளையிலும் பின்னது பிற்பகலிலும் நடக்கும். சான்றிதழில் கல்லூரியின் பெயர் ஒன்றுதான், ஆனால் கட்டணம் மிகவும் வேறுபடும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்ற கட்டத்தை அவன் தன் கண்ணால் படித்த பிறகே குறியிட வேண்டும். பிற்பகல் வகுப்பு என்றால் மாலை நேரக் கூட்டத்தில் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கட்டும்.

கிறித்தவக் கல்லூரியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் தோழி அங்கே படித்தவள். 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய கல்லூரி. காட்டுக்குள் வகுப்பறைகளைக் கட்டியது போல இருக்கும். சேலையூர் ஹால், தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று அங்குள்ள விடுதிகளுக்கென ஒரு வாழ்க்கை உண்டு. ஊரைவிட்டு முதன்முறையாக வெளியே போகும் பையனுக்கு, வகுப்பறைக்கு வெளியே கற்றுக்கொள்ள அதுபோன்ற இடம் நல்லதென்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இடம் கிடைப்பதும் விடுதியில் சேர்வதும் தனித்தனி; படிப்பில் இடம் கிடைத்தவர்களுக்கெல்லாம் விடுதி அறை கிடைத்துவிடாது. இதை முன்கூட்டியே விசாரித்து வை.

பி.எஸ்சி. படித்தால் அதோடு நின்றுவிடுவானோ என்று அம்மாவுக்குப் பயம். அவளுக்கு நான் விளக்கிச் சொன்னேன், நீயும் ஒரு முறை சொல். புள்ளியியல் படித்தவர்கள் ஐ.ஐ.டி. முதுகலைச் சேர்க்கைக்கான ஜாம் தேர்வை எழுதலாம். அதில் கணிதப் புள்ளியியலுக்கென்றே தனித்தாள் இருக்கிறது. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்தில் தரவு அறிவியலில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முதுகலைக்கும் நுழைவுத்தேர்வு எழுதலாம். மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. சித்தப்பா சொல்லும் செயற்கை நுண்ணறிவின் அடித்தளமே நிகழ்தகவும் புள்ளியியலும்தான் என்று தம்பி அவரிடமே ஒரு நாள் வாதாடினான். சித்தப்பா வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார். இவ்வளவும் சொன்ன பிறகும், பொறியியலே வேண்டாம் என்று அவன் இன்னும் முடிவு கட்டவில்லை. நாமும் அவனுக்காக முடிவு கட்ட வேண்டாம். கலந்தாய்வுக்கும் பதிவு செய்திருக்கிறான்.

இங்கேதான் நாள்காட்டி குறுக்கே வருகிறது. கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கை பிளஸ் டூ முடிவு வந்ததும் மே மாதத்திலேயே சூடுபிடித்து, ஜூனில் பெரும்பாலும் முடிந்துவிடும். பொறியியல் கலந்தாய்வோ ஜூலையில்தான் தொடங்கி ஆகஸ்டு வரை போகும். ஆகவே பொறியியலில் என்ன கிடைக்கும் என்று தெரிவதற்கு முன்பே புள்ளியியல் இடத்துக்குச் சரி சொல்லியாக வேண்டும். பிறகு மனம் மாறினால் கட்டிய பணமும் மூலச் சான்றிதழும் என்னாகும் என்பது கேள்வி. கல்லூரிகள் மூலச் சான்றிதழைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, விலகும் மாணவருக்குக் கட்டணத்தை நாள்கணக்குப்படி திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. ஆனால் என்னோடு வேலை பார்த்த ஒருவர் தம் மகனின் மாற்றுச் சான்றிதழைத் திரும்பப் பெற ஒரு கல்லூரி அலுவலகத்துக்குப் பலமுறை நடந்த கதையை நானறிவேன். விதி நம் பக்கம் இருந்தாலும் அலைச்சல் நம்முடையதுதான். ஆதலால் எங்கே சேர்ந்தாலும், விலகினால் என்ன நடைமுறை என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அசலைக் காட்டுவதும் அசலைக் கொடுத்துவிட்டு வருவதும் ஒன்றல்ல என்பதை அவனுக்குச் சொல். கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வேண்டும்.

சேர்ந்த பிறகு விலகலாம் என்பதை ஒரு வழியாக அவன் முன் வைக்கவும் வேண்டாம். ஜூன் மாதத்திலேயே அவன் மனம் புள்ளியியல்தான் என்று நிலைத்துவிட்டால், கலந்தாய்வை நாம் விட்டுவிடலாம். பதிவுக் கட்டணம் போகட்டும். அது பெரிய தொகை அல்ல.

நீங்கள் போகும் நேரத்தில் கலைக் கல்லூரிகளில் வகுப்புகள் இருக்காது, கோடை விடுமுறை. கூட்டமில்லாத வளாகம் எல்லாமே அழகாகத்தான் தெரியும். ஆகவே மரங்களையும் கட்டடங்களையும் பார்த்து மயங்காமல், திறந்திருப்பவற்றைப் பாருங்கள். நூலகம் திறந்திருந்தால் உள்ளே போய்ப் புள்ளியியல் அலமாரி எங்கே இருக்கிறது என்று கேட்கட்டும். அங்குள்ள புத்தகங்களில் ஒன்றிரண்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதித் தாளில் முத்திரைகள் எப்போது நின்றுபோயின என்று பார்க்கட்டும். அறிவிப்புப் பலகையில் கடந்த பருவத்தில் யாரை அழைத்துச் சொற்பொழிவு நடத்தினார்கள், அகமதிப்பீட்டுத் தேதிகள் முறையாக ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கட்டும். கணினி ஆய்வகத்தின் கதவில் தூசி படிந்த பூட்டு தொங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் எப்படி இருக்கின்றன என்பதை மறக்காமல் பாருங்கள்; ஒரு நிர்வாகம் மாணவர்களை எப்படி மதிக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது எதுவுமில்லை என்பது என் எண்ணம். பிறகு வாசலுக்கு வெளியே இருக்கும் தேநீர்க் கடையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அரியர் எழுதவோ சான்றிதழ் வாங்கவோ வந்த மூத்த மாணவர் யாராவது இருப்பார். அவரிடம் கல்லூரி எப்படி என்று கேட்டால் நல்லா இருக்கும் என்று சொல்லிவிடுவார். எந்த ஆசிரியரின் வகுப்புக்குத் தவறாமல் போவீர்கள் என்று கேட்டால் உண்மை வரும்.

போக்குவரத்தை நீ அவனுக்கு உடம்பால் உணர்த்த வேண்டும். சித்தப்பா, என் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும், விடுதிச் செலவு எதற்கு என்கிறார். அன்பான பேச்சு, உடனே மறுக்கவும் முடியாது. அதற்கு முன் ஒரு வேலைநாளின் காலையில், எல்லோரும் வேலைக்குப் போகும் நேரத்தில், அம்பத்தூரிலிருந்து கிளம்பிப் பாருங்கள். சென்ட்ரல் வரை மின்சார ரயில். மாநிலக் கல்லூரி என்றால் அங்கிருந்து பூங்கா நகர் நிலையத்துக்கு நடந்து பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையைத் தாண்டிச் சேப்பாக்கத்தில் இறங்க வேண்டும். லயோலா என்றால் சாலையைக் கடந்து பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டியைப் பிடித்து நுங்கம்பாக்கத்தில் இறங்க வேண்டும். இவை இரண்டும் செய்யக்கூடிய பயணங்கள்தாம். தாம்பரம் கல்லூரிக்கு அம்பத்தூரிலிருந்து தினமும் போய்வருவது என்பது நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்வருவது. அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். எந்தப் பயணமானாலும், போகும்போது மட்டுமல்ல, திரும்பும்போதும் கடிகாரத்தைப் பார்க்கச் சொல். களைத்து வந்தபின் படிக்க எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்ற கணக்கை அவனே போடுவான். கணக்குப் போடுவதில்தான் அவன் கெட்டிக்காரனாயிற்றே.

உறவினர் வீட்டில் தங்குவதைப் பற்றி இன்னொன்று. சித்தியின் கையில் சாப்பாட்டுக்குக் குறையிருக்காது. ஆனால் அந்த வீட்டில் இரண்டு அறைகள், அவர்கள் பிள்ளைகள் இருவர் பள்ளியில் படிக்கிறார்கள். இரவு பத்தரைக்கு மேல் விளக்கு எரிந்தால் யாருக்கோ தூக்கம் கெடும்; யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அவனுக்கு உறுத்தும். உறவு கெடாமல் இருப்பதற்காகவே முதலாண்டு விடுதி நல்லது என்று நான் நினைக்கிறேன். இதை நீ சித்தப்பாவிடம் சொல்ல வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன்.

பொறியியல் கல்லூரிகளையும் ஒன்றிரண்டு பார்ப்பதாகச் சொன்னாய். சென்னைக் கல்லூரி என்று விளம்பரத்தில் வருபவற்றுள் பல, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் நெடுஞ்சாலையோரம் இருப்பவை. பேருந்தில் விடியற்காலை ஏறினால்தான் முதல் வகுப்புக்குப் போய்ச் சேர முடியும். நுழைவாயில் வளைவையும் கண்ணாடிக் கட்டடத்தையும் பார்ப்பதற்கு முன் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கல்லூரிகளை மதிப்பிடும் தேசியக் குழுவான நாக்கின் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது, தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.வின் அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. கல்லூரிக்கு நல்ல தரம் இருந்தும், அவன் சேரப்போகும் பிரிவு புதிதாகத் தொடங்கியதாக இருந்தால் அதற்கு அங்கீகாரம் இருக்காது. கல்லூரி வாரியான தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். கல்லூரி இணையதளத்தில் போட்டிருக்கும் ஆசிரியர் பட்டியலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஒரே ஆசிரியரின் பெயரைப் பல பொறியியல் கல்லூரிகள் தங்கள் பட்டியலில் காட்டியிருந்த விவகாரம் 2024-இல் நாறியது உனக்கு நினைவிருக்கும். வாசலில் பெரிய எழுத்தில் வைத்திருக்கும் வேலைவாய்ப்புப் பலகையில் உச்சச் சம்பளம் ஒருவருக்குக் கிடைத்ததாக இருக்கும். அந்த வகுப்பில் நடுவில் நிற்கும் மாணவனுக்கு என்ன கிடைத்தது, எத்தனை பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதைத் தம்பி கேட்பான். சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாட்டை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கிடையில் இடைத்தரகர்களின் தொல்லை ஆரம்பித்துவிட்டது. முடிவு வந்த மறுநாளே ஒருவர் அலைபேசியில் அழைத்து, தம்பியின் பெயரையும் மதிப்பெண்ணையும் அவரே சொல்லி, நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடம் அவனுக்காகவே வைத்திருப்பதாகவும் இன்று மாலைக்குள் முன்பணம் அனுப்பினால்தான் நிற்கும் என்றும் பேசினார். எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு இணைப்பைத் துண்டித்துவிட்டார். நன்கொடை வாங்குவது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அது கிடக்கட்டும், நமக்கு அந்த வழியே வேண்டாம். உன் எண்ணுக்கும் அழைப்பு வரலாம். மரியாதையாக மறுத்துவிடு, தம்பியின் எண்ணையோ பதிவு எண்ணையோ சொல்லிவிடாதே.

அவன் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவன் என்பதை அவன் இப்போது அடிக்கடி நினைக்கிறான் போலிருக்கிறது. லயோலாவிலும் கிறித்தவக் கல்லூரியிலும் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்களாமே என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறான்; என்னிடம் கேட்கவில்லை. இதில் உன் சொல்லுக்கு என் சொல்லைவிட மதிப்பு உண்டு. நீயும் நம் ஊர்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, முதல் பருவத்தில் எந்திரவியல் பாடத்தை அகராதி வைத்துப் படித்தவள். எப்படிச் சமாளித்தாய் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல். ஒன்றுமேயில்லை, தானாக வந்துவிடும் என்று மட்டும் சொல்லிவிடாதே. அப்படி வராத முதல் மாதத்தில் அவன் தன்னையே குறைவாக நினைத்துக்கொள்வான். கணிதத்தைப் பொறுத்தவரை குறியீடுகள் எல்லா மொழிக்கும் பொது என்பதால் அவனுக்கு மற்றவர்களைவிட எளிது. வகுப்பில் புரியாததை ஆசிரியரிடம் தமிழில் கேட்டால் விடை சொல்வார்களா என்பதை ஒவ்வொரு கல்லூரியிலும் கேட்டுப் பாருங்கள். இந்தப் பயத்துக்காக ஒரு நல்ல துறையை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அதை அவன் முன்னால் மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் பட்டதாரிச் சலுகை உன்னோடு முடிந்துவிட்டது, அவனுக்குக் கிடையாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், அவன் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்ததால் பொருந்தாது. ஆனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பிக்கச் சொல். புள்ளியியல் படிப்பானால், விடுதிச் செலவையும் சேர்த்து என் ஓய்வுகாலப் பணத்தின் வட்டியில் ஓடிவிடும், கடன் வேண்டாம். பொறியியலானால் கல்விக் கடன் எடுக்க வேண்டியிருக்கும். நான்கு லட்சம் வரை வங்கிகள் பிணை கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்கினால் போதும். நீ உன் சம்பளத்திலிருந்து தருவதாக அம்மாவிடம் சொன்னாயாம். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட மாட்டேன். உனக்கென்று சேர்த்துக்கொள்ள வேண்டிய வயது இது.

அம்மா ஏன் மதுரையே போதாதா என்று இன்னமும் கேட்கிறாள். அதை வெறும் பாசம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மதுரையில் அமெரிக்கன் கல்லூரியும் தியாகராசர் கல்லூரியும் யாருக்கும் இளைத்தவை அல்ல. வாரக் கடைசியில் பேருந்தேறினால் வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னை என்ற பெயருக்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. அங்கே போய்த்தான் கிடைக்கும் என்று ஏதேனும் இருந்தால் மட்டுமே அந்த அலைச்சலுக்கும் செலவுக்கும் பொருளுண்டு. சிறுசேரியிலும் தரமணியிலும் சேப்பாக்கத்திலும் உள்ள கல்வி நிறுவனங்களில் நடக்கும் சொற்பொழிவுகளுக்குப் போய் உட்காரலாம், கன்னிமாரா நூலகத்துக்கு நடந்தே போகலாம், தன்னைவிடக் கெட்டிக்காரப் பிள்ளைகள் பத்துப் பேரோடு பழகலாம் என்பதுதான் அவன் சென்னைக்காகச் சொன்ன காரணம். காரணம் எனக்குப் பிடித்திருந்தது. அது உண்மையில் அவனுக்கு அங்கே கிடைக்குமா என்பதை இரண்டு நாளில் அவனே பார்த்துக்கொள்ளட்டும். பார்த்துவிட்டு மதுரையே போதும் என்று திரும்பி வந்தாலும் நீ முகம் சுளிக்கக் கூடாது.

கடைசியாக, விருப்பப் பட்டியல். ஒருவேளை பொறியியல் கலந்தாய்வு வரை போனால், பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் சேர்க்கலாம். மேலிருந்து கீழாகத்தான் இடம் ஒதுக்குவார்கள். இது நமக்குக் கிடைக்காது என்று பயந்து, விரும்பும் கல்லூரியைக் கீழே தள்ளிக் கிடைக்கும் என்று நினைப்பதை மேலே வைத்தால், கீழே இருப்பது கிடைக்கும் நிலை இருந்தும் மேலே இருப்பதைத்தான் தருவார்கள். ஆகவே வரிசை அவன் ஆசைப்படியே இருக்க வேண்டும். சேர்ந்து படிக்க மனமில்லாத எதையும் அதில் எழுதவே கூடாது. ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய இருப்பதால் பெயரை நம்பாமல் கலந்தாய்வுக் குறியீட்டு எண்ணைச் சரிபார்க்க வேண்டும். போன ஆண்டு நம் தெருப் பையன் ஒருவனுக்குக் கணினிக் கடைக்காரரே தமக்குத் தெரிந்த கல்லூரிகளை வரிசைப்படுத்திப் போட்டுக்கொடுத்தார். அவனும் கும்பிட்டு வாங்கிவந்தான். தம்பி தன் பட்டியலைத் தன் கையால் தாளில் எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல். நீ படித்துப் பார், தகவல் பிழை இருந்தால் திருத்து, வரிசையில் கைவைக்காதே. கடவுச்சொல் அவனிடமே இருக்கட்டும், எனக்கும் வேண்டாம்.

சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் மூன்றுக்கும் நகல்கள் எடுத்து அவன் பையில் வைத்திருக்கிறேன். அசல் இங்கே பீரோவில் இருக்கிறது; மாநிலக் கல்லூரிக் கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தால் நேரில் காட்ட வேண்டும் என்பதால், தேதி தெரிந்ததும் சொல், நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். அவன் எழும்பூர் வரை வர வேண்டாம், தாம்பரத்திலேயே இறங்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கிறித்தவக் கல்லூரியை முதலில் பார்த்துவிட்டு நகரத்துக்குள் போவது உங்களுக்கு வசதி. நீ வேளச்சேரியிலிருந்து வந்து சேர நேரமானால் நிலையத்தின் கிழக்குப் பக்க வாயிலில் காத்திருக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா